கண்ணாடியில் பார்த்து ஓட்டியவர்

ஃபார்முலா ஒன் கார் ரேஸ் வர்ணனையாளர் கருண் சந்தோக் திரையில் வந்தாலே என் பெரியம்மா மகனுக்குப் பொறுக்காது. அண்ணன் குலசேகரத்தில் பிக்கப் வண்டி ஓட்டுகிறவர். ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் ஏற்றிக்கொண்டு மார்த்தாண்டத்துக்குப் போய்வருவதுதான் தினசரி வேலை. ஷூமாக்கர் ஃபெராரியில் ஜெயித்துக்கொண்டிருந்த காலத்திலிருந்தே ஃபார்முலா ஒன் பார்க்கிறார். எனக்கு அந்தப் பைத்தியத்தைத் தொற்றவைத்தவரும் அவரே. ஐரோப்பாவில் ரேஸ் நடக்கும் ஞாயிறுகளில் சாயங்காலம் ஆறரைக்கு அவர் வீட்டுத் திண்ணையைத் தாண்டி உள்ளே போனால் டிவி சத்தம் கேட்கும். ரேஸ் தொடங்கும் முன் சந்தோக் பெரிய தொடுதிரை முன்னால் நின்று, இரண்டு கார்களின் சுற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிட்டு, இந்த வளைவில் இவர் எங்கே பிரேக்கை விட்டார், அவர் எங்கே ஆக்சிலரேட்டரை மிதித்தார் என்று நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். உடனே அண்ணன் ஆரம்பிப்பார்: "இவன் ஓட்டுன காலத்துல கடைசில கெடந்தவன்லா. இவன் என்னத்துக்குடே ஹாமில்டனுக்கு பிரேக் புடிக்கச் சொல்லிக் குடுக்கான்?"

இதற்கு உடனடியாகப் பதில் சொல்ல முடியாததுதான் என்னை அரித்தது. கணக்கு அண்ணன் பக்கம்தான் நிற்கிறது. சந்தோக் ஓட்டிய ஃபார்முலா ஒன் ரேஸ்கள் மொத்தம் 11. ஒரு புள்ளிகூடக் கிடையாது. மிகச் சிறந்த முடிவு 14ஆம் இடம். 'நம்ம ஊர் பையன், அதனால் பிடிக்கும்' என்று ஒதுங்கிவிடலாம், ஆனால் அது உண்மையில்லை. நரேன் கார்த்திகேயனும் நம்ம ஊர்தான், கோயம்புத்தூர். இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் டிரைவரும் அவரே. சந்தோக் பேசும்போது நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவதற்கு ஊர்ப்பாசம் காரணமில்லை. அவர் பேசி முடித்தபின் ரேஸ் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. கடைசியில் கிடந்த ஒருவருக்கு அது எப்படிக் கைவந்தது என்பதுதான் கேள்வி.

கடைசியில் கிடந்தார் என்பதால் மோசமான டிரைவர் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சென்னையில் ரேஸ் என்றாலே சந்தோக் குடும்பம்தான் நினைவுக்கு வரும். தாத்தா இந்து சந்தோக் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர், அப்பா விக்கி சந்தோக் ராலி ஓட்டியவர். கருண் 2006-இல் ஆசிய ஃபார்முலா ரெனோ வி6 பட்டம் வென்றார். ஃபார்முலா ஒன்னுக்கு அடுத்த படியாக இருந்த ஜிபி2-வில் 2007-இல் பெல்ஜியத்தின் ஸ்பாவிலும் 2008-இல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமிலும் ஜெயித்தார். ஸ்பாவில் ஜெயிப்பது சும்மா காரியமில்லை. ஆனால் அண்ணனுக்கு ஜிபி2 எல்லாம் கணக்கில் வராது. "அது வேற, இது வேற" என்பார். அதுவும் ஒருவகையில் சரிதான்.

ஓட்டிப் பார்க்காத கார்

2010 பஹ்ரைன். சந்தோக்கின் முதல் கிராண்ட் பிரி, அதாவது முதல் ஃபார்முலா ஒன் ரேஸ். ஹிஸ்பானியா என்ற ஹெச்ஆர்டி அணி அந்த ஆண்டுதான் உள்ளே வந்தது. பணம் போதாமல் கடைசி நேரத்தில் கை மாறிய அணி அது. கூட ஓட்டிய புரூனோ சென்னாவின் கார் ஒருவழியாக வெளியே வந்துவிட்டது. சந்தோக்கின் கார் பயிற்சி ஓட்டங்கள் மூன்று முடிந்தும் கராஜுக்குள் பாகம் பாகமாகப் பூட்டப்பட்டுக்கொண்டே இருந்தது. அவர் அந்தக் காரில் முதன்முதலாக உட்கார்ந்து தடத்துக்குள் போனது தொடக்க வரிசையை முடிவுசெய்யும் தகுதிச்சுற்றில்! மற்றவர்கள் பிப்ரவரியிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிப் பழகியிருந்தார்கள். இவருக்கு கியர் மாறுமா, பிரேக் பிடிக்குமா என்பதே தெரியாத நிலை. ரேஸின் தொடக்கத்திலேயே மோதி வெளியேறினார். அடுத்து ஆஸ்திரேலியாவில் அதே காரை முடிவுக்கோடு வரை கொண்டுவந்து 14ஆவதாக முடித்தார். அந்தக் காரைப் பற்றித் தெரிந்தவர்கள் அந்த 14-ஐ வேறு மாதிரிதான் எடைபோடுவார்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சுற்றுக்கு ஐந்து வினாடி மெதுவான கார் என்று வைத்துக்கொள்வோம். 60 சுற்று ரேஸில் 300 வினாடி போச்சு. ஒரு சுற்று 90 வினாடி என்றால், முன்னால் போகிறவர் இவரை மூன்று தடவை தாண்டிப் போவார். முன்னால் போகிறவர் ஒருத்தரில்லை. அவருக்குப் பின்னால் இரண்டாமவர், மூன்றாமவர் என்று வரிசையாகப் பத்துப் பதினைந்து பேர், எல்லாரும் ஒன்றோ இரண்டோ மூன்றோ முறை. ஒரே மதியத்தில் முப்பது நாற்பது தடவை ஒருவர் வழிவிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் 'வழிவிடு' என்று நீலக்கொடி. கண்டும் காணாமல் போனால் தண்டனை.

டிவியில் பார்க்கும் நமக்கு நீலக்கொடி ஒரு நொடிக் காட்சி. ஓட்டுகிறவருக்கு அது ஒரு பேரம். நேர்ப்பாதையில் காலை லேசாகத் தூக்கி வழிவிட்டால் மலிவாக முடிந்துவிடும், அரை வினாடியோடு போகும். வளைவுக்குள் நுழையும்போது வழிவிட நேர்ந்தால் வழக்கமாக ஓட்டும் கோட்டை விட்டு வெளியே போகவேண்டும். அங்கே டயர்களிலிருந்து உதிர்ந்த ரப்பர் துணுக்குகள் உருண்டு கிடக்கும். அவற்றின்மேல் ஏறினால் சூடான டயரில் ஒட்டிக்கொண்டு, அடுத்த இரண்டு மூன்று வளைவுகளுக்கு வண்டி பிடிமானமில்லாமல் வழுக்கும். (ரப்பர் ஊர்க்காரனான எனக்கு இந்த ரப்பர் கதையில் தனி ருசி உண்டு.) அதற்குள் டயர் சூடும் இறங்கிவிடும். ஆகவே பின்னால் வருகிறவர் இன்னும் எத்தனை வினாடியில் வருவார், எந்த வளைவில் நம்மை எட்டுவார், அவருக்குப் பின்னால் இன்னொருவர் ஒட்டிக்கொண்டு வருகிறாரா, ஒரே மூச்சில் இரண்டு பேரையும் விட்டுவிட முடியுமா என்று கண்ணாடியைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். இத்தனைக்கும் நடுவில் தன் ரேஸையும் ஓட்டவேண்டும்.

இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் எதிர்பாராத இடத்திலிருந்து ஒத்துக்கொண்டார். குலசேகரத்திலிருந்து மார்த்தாண்டம் வரை ரோட்டின் இரண்டு பக்கமும் வீடு, கடை, பள்ளிக்கூடம் என்று இடைவெளியே கிடையாது. லோடு ஏற்றிய வண்டியில் போகும்போது பின்னால் பஸ் வந்தால் எங்கே ஒதுங்குவது என்பதை நூறு மீட்டருக்கு முன்பே முடிவுசெய்துவிட வேண்டும். "ஹாரன் சத்தத்துலயே தெரியும்டே, வருகது நம்ம பஸ்ஸா கேரளா பஸ்ஸான்னு. கேரளாக்காரன் காத்து நிக்கமாட்டான். அவனுக்கு எங்க ஒதுங்கணும், நம்மாளுக்கு எங்க ஒதுங்கணும்னு வேற வேற எடம் இருக்கு." சரி, அந்த ரோட்டைப் பற்றி எனக்குச் சொல்லித்தரச் சரியான ஆள் யார், பஸ் டிரைவரா நீங்களா என்று கேட்டேன். சிரித்தார். பதில் சொல்லவில்லை.

நான் பிடித்துக்கொண்டது இதைத்தான். முதலில் போகிறவருக்கு முன்னால் வெறும் தடம். கடைசியில் போகிறவருக்கு ரேஸ் முழுவதும் கண்ணாடிக்குள் இருக்கிறது. ஃபெராரி எந்த வளைவில் திணறுகிறது, ரெட்புல் எங்கே ஒட்டிக்கொண்டு போகிறது, யார் பொறுமையில்லாதவர், யார் ஒரு வளைவு காத்திருப்பார் என்பதெல்லாம், பக்கத்தில் உரசிக்கொண்டு போகும்போது அவருக்குத் தெரிகிறது. ஒரே மதியத்தில் களத்தின் எல்லாக் கார்களையும் சில மீட்டர் தூரத்தில் பார்ப்பவர் அவர் ஒருவரே.

2011 ஐப்பசி

சந்தோக்கின் கதையில் எனக்கு விடாமல் நினைவுக்கு வருவது அவர் ஓட்டாத ரேஸ்தான். 2010-இல் பத்து ரேஸ் முடிந்ததும் ஹெச்ஆர்டி இருக்கை இன்னொருவருக்குப் போனது. 2011-இல் டீம் லோட்டஸ் அணியில் மாற்று டிரைவராகச் சேர்ந்தார். ஜெர்மனியில் யார்னோ ட்ருல்லிக்குப் பதிலாக ஒரு ரேஸ் கிடைத்தது. 20ஆம் இடம். அந்த ஆண்டு அக்டோபர் 30 அன்று கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்டில் இந்தியாவின் முதல் கிராண்ட் பிரி. இந்தியாவுக்கு ஃபார்முலா ஒன் வரவேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பேசிய வீடு அது. அந்த வீட்டுப் பையன் ஓட்டுகிற வயதில், அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு அங்கேயே நிற்கிறார். வெள்ளிக்கிழமை பயிற்சியில் காரை ஓட்டவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ட்ருல்லியும் கோவலைனனும் ஓட்டினார்கள்.

அன்று எங்கள் பக்கம் நல்ல மழை. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. அண்ணன் வீட்டில் பக்கத்து வீட்டாரெல்லாம் கூடியிருந்தார்கள், கிரிக்கெட் தவிர எதையும் பார்க்காதவர்கள்கூட. தொடக்க வரிசையைக் காட்டியபோது பெரியம்மா, "நம்ம பிள்ளைய எங்க?" என்று கேட்டார். பின்னால் நரேன் இருந்தார். அவரைக் காட்டினோம். இன்னொருத்தன் இருந்தானே என்றார் பெரியம்மா. இருக்கிறார், ஓட்டவில்லை என்றோம். அது அவருக்குப் புரியவே இல்லை. கல்யாண வீட்டுக்காரனையே பந்தியில் உட்காரவிடாமல் செய்துவிட்டார்களா என்கிற மாதிரி முகம். வெட்டல் முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்றுவரை முன்னாலேயே போய் ஜெயித்தார், சச்சின் டெண்டுல்கர் கட்டம்போட்ட கொடியை ஆட்டினார், நரேன் 17ஆவதாக முடித்தார். நொய்டாவில் அதன்பின் இரண்டே ரேஸ்கள், 2012-இலும் 2013-இலும். பிறகு வரி, பணம் என்று ஏதேதோ சொல்லி எல்லாம் நின்றுபோயிற்று. சந்தோக் இந்தியாவில் ஃபார்முலா ஒன் ரேஸ் ஓட்டவே இல்லை.

இந்த இடத்தில் ஒரு மனிதர் கசந்துபோக எல்லா நியாயமும் உண்டு. முன்னாள் வீரர்கள் பலர் மைக்கைப் பிடித்ததும் வெளிப்படுவது அந்தக் கசப்புதான். 'எங்க காலத்துல' என்று ஆரம்பிப்பார்கள், இப்போது ஓடுகிறவன் எல்லாம் ஒன்றுமில்லை என்று முடிப்பார்கள். கிரிக்கெட் வர்ணனையில் இதை நாம் போதுமான அளவு கேட்டாயிற்று. சந்தோக்கிடம் அந்தக் குரல் இல்லை. 2012-இல் லு மான் 24 மணி நேர ரேஸுக்குப் போனார். அங்கே ஓட்டிய முதல் இந்தியர் அவர்தான். டேவிட் பிராபம், பீட்டர் டம்பிரெக் இருவரோடும் சேர்ந்து ஒட்டுமொத்தத்தில் ஆறாம் இடம். பிறகு மின்சாரக் கார்கள் ஓடும் ஃபார்முலா ஈயின் முதல் பருவத்தில் மஹிந்திராவுக்கு ஓட்டினார். இன்னொரு பக்கம் மைக். 2016-இல் பிரிட்டனின் சேனல் ஃபோர், 2019-இலிருந்து ஸ்கை. நடுவில் வில்லியம்ஸ் அணியின் பழைய கார்களை ஓட்டிக்காட்டுகிற வேலையும் கிடைத்தது. நைஜல் மான்செல் 1992-இல் பட்டம் வென்ற கார்கூட அவர் கைக்கு வந்தது. சின்ன வயதிலிருந்து ரேஸ் சரித்திரத்தைக் கரைத்துக் குடித்தவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

கோல் போடாதவனுக்கு மைக்

அண்ணனின் வாதத்தை வேறொரு வாயிலும் கேட்டேன். தூத்தூர் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் செவன்ஸ் பந்துப் போட்டி. அந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கால்பந்து பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, சந்தோஷ் டிராஃபி ஆடிய ஆட்கள் தெருவுக்குத் தெரு இருப்பார்கள். மேடையில் மைக் பிடித்திருந்தவர் ஒரு காலத்தில் ஊர் அணியின் மாற்று கோல்கீப்பர். எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் சலித்துக்கொண்டார்: "ஆடுன காலத்துல பெஞ்சுல இருந்து எழும்பாத பய, இப்ப மைக்க விடமாட்டேங்கான்." ஆனால் அந்த ஆள் பேசியது பந்தைப் பற்றியே இல்லை. பந்து வலது ஓரத்தில் இருக்கும்போது, "எடதுபக்கம் ஒருத்தன் தனியா நிக்கான், யாரும் பாக்கல, யாரும் பாக்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த நிமிஷம் பந்து அந்த இடதுபக்கத்தான் காலுக்குத்தான் வந்தது. கோல் விழவில்லை, அடித்தது மேலே போய்விட்டது. ஆனாலும் கூட்டத்தின் பாதித் தலைகள் பந்து வருமுன்பே இடதுபக்கம் திரும்பியிருந்தன. பெரியவர் தலையும்தான்.

ஆனால் இதையே விதியாக்கிவிடவும் முடியாது. அண்ணன் விடுவாரா? "அப்ப ஹன்ட்?" என்றார். ஜேம்ஸ் ஹன்ட் 1976-இன் உலக சாம்பியன். 1980-இலிருந்து 1993-இல் 45 வயதில் சாகும்வரை பிபிசியில் வர்ணனையாளர் முர்ரே வாக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசியவர். இன்றைக்கும் பழைய பதிவுகளைக் கேட்டால் அவர் பேச்சில் ஒரு பயமின்மை இருக்கிறது, யாருக்கும் நாக்கை அடக்கமாட்டார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஹன்ட் எதைக் கண்டு அதிகம் பொரிந்து தள்ளினார் என்று பார்த்தால், வழிவிடாமல் போகிற மெதுவான கார்களைக் கண்டுதான். சாம்பியனுக்கு அவர்கள் தடத்தில் கிடக்கும் குறுக்குக் கட்டைகள். அந்தக் காருக்குள் இருக்கிறவனுக்கும் ஒரு ரேஸ் இருக்கிறது, அவனுக்கு முன்னாலும் பின்னாலும் அவன் சண்டைபோடுகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்பது ஹன்ட் பேச்சில் வராது.

மார்ட்டின் பிரண்டில் நடுவில் நிற்கிறார். 158 ரேஸ் ஓட்டி ஒன்பது தடவை முதல் மூன்று இடத்துக்குள் வந்து மேடையேறியவர், ஒருமுறைகூட ஜெயிக்காதவர். 1984-இல் டெட்ராய்ட்டில் பிக்கேவின் வாலைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதாக வந்தார். டிரெல் அணி விதிமீறியது என்று அந்த ஆண்டின் முடிவுகளையே அழித்துவிட்டார்கள். 1996-இல் மெல்பர்னில் அவர் ஜோர்டான் கார் பறந்துபோய்த் துண்டானது. டாக்டரிடம் காட்டி அனுமதி வாங்கிக்கொண்டு ஓடிப்போய் மாற்றுக் காரில் ஏறிக்கொண்டார். அடுத்த ஆண்டு ஐடிவியில் மைக். இன்றுவரை விடவில்லை. ஸ்கையில் சந்தோக்குக்கு முன்பே திரை முன்னால் நின்று விளக்கிய ஆன்டனி டேவிட்சனும் சூப்பர் அகுரி என்ற பஞ்சப்பாட்டு அணியில் ஓட்டியவர்தான். 2007 கனடாவில் நல்ல இடத்தில் போய்க்கொண்டிருந்தபோது குறுக்கே வந்த ஒரு விலங்கின்மேல் மோதி எல்லாம் கெட்டது. ஜெயித்தவர்களை யாரும் 'ஏன்' என்று கேட்பதில்லை. இவர்கள் ஒவ்வொரு ஞாயிறும் அணிக்கூட்டத்தில் ஏன் தோற்றோம் என்று நிமிஷம் நிமிஷமாகச் சொல்லியாகவேண்டும். அந்தப் பழக்கம் மைக்குக்கு எப்படி உதவும் என்று விளக்கவா வேண்டும்?

கடைசியில் ஓடுகிறவர்களால் ரேஸில் ஒன்றும் நடக்காது என்பதும் தப்பு. 2010 மொனாக்கோவில் ரேஸ் முடிய ஒருசில சுற்றே பாக்கி. ராஸ்காஸ் வளைவில் ட்ருல்லி உள்ளே நுழையப் பார்த்து, அவர் கார் சந்தோக்கின் தலைக்கு மேலேயே ஏறிப்போனது. தலைக்கு மேலே வளையம் போடும் ஹேலோ வந்தது 2018-இல்தான். சந்தோக் பிழைத்தது அவர் அதிர்ஷ்டம். இரண்டு கடைசிக் கார்களின் அந்த மோதலால், எல்லாரையும் மெதுவாக்கித் தன் பின்னால் வரவைக்கும் பாதுகாப்புக் கார் வந்தது. அது விலகிய கடைசி வளைவில் ஷூமாக்கர் அலோன்சோவை முந்தினார், 20 வினாடி தண்டனை வாங்கினார், ஆறாம் இடத்திலிருந்து பன்னிரண்டாம் இடத்துக்குப் போனார். அந்தத் தண்டனை சரியா தவறா என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். எல்லாவற்றுக்கும் ஆரம்பம் யாரும் பார்க்காத இடத்தில் நடந்த சண்டை.

இன்னும் பெரிய சாட்சி 2021 அபுதாபி. அங்கே உலகப் பட்டத்தையே திருப்பியது நிக்கோலஸ் லத்தீஃபி சுவரில் மோதியதுதான். 58 சுற்றில் 53ஆவது. பின்வரிசையில் மிக் ஷூமாக்கரோடு சண்டைபோட்டு, ஓட்டும் கோட்டை விட்டு விலகி, டயர் அழுக்காகி, அடுத்த சில வளைவில் வண்டி கையைவிட்டுப் போயிற்று. பாதுகாப்புக் கார், ஹாமில்டனுக்கும் வெர்ஸ்டாப்பனுக்கும் நடுவே நின்ற, சுற்றில் பின்தங்கிய ஐந்து கார்களை மட்டும் விலக்கிய உத்தரவு, கடைசிச் சுற்றில் வெர்ஸ்டாப்பன் முந்திப் பட்டத்தைப் பறித்தது எல்லாம் உங்களுக்கே தெரியும். ஹாமில்டன் பேசிவிட்டார், வெர்ஸ்டாப்பன் பேசிவிட்டார், ரேஸ் இயக்குநர் வேலை போயிற்று. எனக்கு அந்தச் சுற்றைப் பற்றி லத்தீஃபி வாயால் கேட்கவேண்டும். அவரை ஒரு வர்ணனை அறையில் உட்காரவைத்து, அந்த அழுக்கு டயரிலிருந்து ஆரம்பித்து வளைவு வளைவாகச் சொல்லச் சொன்னால், எந்தச் சாம்பியனையும் விட்டுவிட்டு அதைத்தான் கேட்பேன் என்று அண்ணனிடம் சொன்னேன்.

"கேக்கலாம்தான்," என்றார் அண்ணன். "அவன் லண்டன்ல எம்பிஏ படிக்கப் போயிட்டாம்லா. அவன் வரவரைக்கும் இந்தச் சந்தோக்கயே கேப்போம், சத்தத்தக் கூட்டு."